நிமிர்ந்துவிட்ட கப்பல்

சென்ற மாத இணையவழிச் சந்திப்பில் நான் பேசியதை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

அன்று என்னை அறிமுகப்படுத்திய நண்பர், "தாதியாக வேலை செய்கிறார், சிறுகதைகள் எழுதுகிறார், இன்று கப்பல்களைப் பற்றிப் பேசப்போகிறார்" என்றதும் அரட்டைப் பெட்டியில் ஒருவர், "எந்தக் கப்பல்?" என்று எழுதினார். நியாயமான கேள்விதான். கனடாவில் இருக்கும் எங்களுக்குக் கப்பல் என்ற சொல் காதில் விழுந்தால் 1986இல் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேர் நினைவுக்கு வருவார்கள். அல்லது 2010இல் 492 பேருடன் வந்து சேர்ந்த சன் சீ. எங்களில் யாரும் பொழுதுபோக்குக்காகக் கப்பல் ஏறி வந்தவர்கள் அல்ல. ஆனால் நான் பேச வந்தது பொழுதுபோக்குக் கப்பல்களைப் பற்றித்தான். காலையில் ஏறி, சாப்பாட்டுக் கூடையோடு ஏரியைச் சுற்றி, மாலையில் வீடு திரும்புகிற கப்பல்கள். கூடவே, எதிலும் ஏறாமல் கரையில் நின்று பார்த்துக் குறிப்பெழுதும் மனிதர்கள்.

இந்த மனிதர்களை நான் முதலில் கண்டது சென் கத்தரின்ஸ் நகரில், வெலண்ட் கால்வாயின் மூன்றாவது லொக் பக்கத்தில். ஒன்ராறியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு மீற்றர் உயர வித்தியாசம் இருக்கிறது. நயாகரா நீர்வீழ்ச்சி அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதியை ஒரே பாய்ச்சலில் காட்டுகிறது. கப்பலுக்கு அது முடியாது. அதனால் 43 கிலோமீற்றர் நீளக் கால்வாயில் எட்டு லொக்குகள். லொக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த மாபெரும் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை விட்டால் கப்பல் மேலே எழும்பும், திறந்து வடித்தால் கீழே இறங்கும். பம்பு எதுவும் இல்லை, மேலேயிருந்து கீழே ஓடும் தண்ணீர்தான் எல்லா வேலையையும் செய்கிறது. இருநூறு மீற்றருக்கு மேல் நீளமான கப்பல், இரண்டு பக்கமும் ஒரு அடி இடைவெளியோடு, சத்தமே இல்லாமல் உள்ளே நுழைவதைப் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் கால்வாய் திறக்கும்போது முதலாவதாக வரும் கப்பலின் கப்டனுக்கு அங்கே ஒரு பழைய உயரத் தொப்பியை அணிவித்துப் படம் எடுப்பார்கள்.

அங்கே ஒரு பார்வையாளர் மேடை இருக்கிறது. குளிரோ மழையோ, சிலர் தொலைநோக்கியும் தேநீர்ப் போத்தலுமாக நிற்பார்கள். தங்களைத் தாங்களே போட் நேர்ட் என்று கேலியாக அழைத்துக்கொள்வார்கள். ஏரிகளுக்குள்ளேயே ஓடும் கப்பல் லேக்கர், கடலிலிருந்து வருவது சோல்டி. மூன்று நீள ஊதலும் இரண்டு குறு ஊதலும் வந்தால் அது வணக்கம். ஊதலைக் கேட்டே கப்பலின் பெயரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது கைபேசியே எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று காட்டிவிடுகிறது. இருந்தாலும் குறிப்புப் புத்தகத்தை அவர்கள் விடவில்லை.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர். உண்மையில் நான்தான் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய மகள் வர முடியாத ஞாயிறுகளில், காலைப் பூசை முடிந்த பிறகு, மகளின் சம்மதத்தோடு. 1961 முதல் அவர் எழுதிய குறிப்புப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. திகதி, நேரம், பெயர், மேலே போகிறதா கீழே வருகிறதா, பாரம் ஏற்றியதா வெறுமையா, முன்னாலும் பின்னாலும் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது. கப்பலின் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி எண்கள் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று அவை சொல்லும். இடது பக்க எண்ணும் வலது பக்க எண்ணும் வேறாக இருந்தால் கப்பல் சாய்ந்திருக்கிறது.

முதல் தடவை அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கள் வேலையல்லவா?" என்றேன். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியே போனது. யாழ்ப்பாணத்தில் மூன்று வருட டிப்ளோமாப் படிப்பில் எனக்கு முதலில் கற்றுத்தந்ததும் இதுதான்.

அவர் சிரிக்கவில்லை. "ஹெலன் ரெப்பாவைத் தெரியுமா உங்களுக்கு? நீங்கள் தாதி, தெரிந்திருக்க வேண்டும்" என்றார். தெரியாது. அப்போதுதான் ஈஸ்ட்லாண்ட் கப்பலின் கதையைச் சொன்னார். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, கார் எல்லோரிடமும் வருவதற்கு முன், அமெரிக்க நகரங்களின் உழைக்கும் சனத்துக்குக் கோடை விடுமுறை என்றால் நீராவிக் கப்பல்தான். சிக்காகோவில் ஏறினால் மிச்சிகன் ஏரியின் மறுகரையில் பூங்கா, ஊஞ்சல், வாத்தியக் குழு. தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், கம்பனிகள் எல்லாம் ஒருநாள் பயணத்துக்குக் கப்பல் பிடிக்கும். கப்பல்காரர்களுக்கு இடையே போட்டி கடுமை. வேகம் வேண்டும், அதனால் ஒடுக்கமான உடல். நிறையப் பேர் ஏற வேண்டும், அதனால் மேலே மேலே தட்டுகள். ஆற்று முகத்தின் ஆழமில்லாத துறைகளுக்குள்ளும் போக வேண்டும், அதனால் அடிப்பகுதி ஆழம் குறைவு. இந்த மூன்று ஆசைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் வருவது ஈஸ்ட்லாண்ட். 1903இல் மிச்சிகன் மாநிலத்து போர்ட் ஹியூரனில் கட்டினார்கள். அழகான கப்பல். படங்களைப் பார்த்தால் நானும் ரிக்கெட் வாங்கியிருப்பேன்.

இந்த இடத்தில் கப்பல் ஏன் சாய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பௌதிகம் வராது, வார்ட்டில் இருக்கும் சாமான்களை வைத்துத்தான் சொல்வேன். சேலைன் தொங்கவிடும் ஸ்டாண்டைப் பாருங்கள். கீழே கால்கள் அகலமாக இருந்தால் பரவாயில்லை. உச்சியில் மூன்று நான்கு பைகளைக் கொழுவி, கால் ஒடுக்கமான ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போனால், கதவு நிலையில் சில்லு தட்டியதும் விழும். பாரம் கூடினதால் மட்டும் அல்ல, பாரம் உயரத்தில் இருப்பதால். இது ஒன்று. மற்றது, நோயாளியைத் துடைக்கும் பேசின். விளிம்பு வரை தண்ணீர் இருந்தால் மெல்லமாகத் தூக்கிக்கொண்டு போகலாம், வெறும் பேசின் என்றால் ஓடிக்கொண்டே போகலாம். பாதித் தண்ணீர்தான் ஆபத்து. ஒரு பக்கம் சரிந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி, சரிவை இன்னும் கூட்டும். புதிதாக வந்த தாதிகள் எல்லோரும் ஒரு தடவையாவது சீருடையை நனைத்திருப்பார்கள்.

ஈஸ்ட்லாண்டின் அடியில் பலாஸ்ட் தொட்டிகள் இருந்தன. கீழே பாரம் சேர்ப்பதற்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள். துறையில் ஆட்களை ஏற்றும்போது அவற்றை வெறுமையாக்கி, பிறகு நிரப்புவார்கள். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் அளவுமானி எதுவும் இல்லை. எந்திரப் பொறுப்பாளரின் கணிப்புத்தான். மேலே கால் ஒடுங்கிய ஸ்டாண்ட், கீழே பாதி பேசின்.

1904 ஜூலையில், ஏறத்தாழ 3,000 பேருடன் சவுத் ஹேவன் துறையிலிருந்து புறப்பட்டபோது அது பயங்கரமாகச் சாய்ந்தது. நிமிர்ந்துவிட்டது. 1906இலும் சாய்ந்தது. நிமிர்ந்துவிட்டது. ஊரில் பேச்சு பரவியது. 1910இல் உரிமையாளர்கள் கிளீவ்லாண்ட் பத்திரிகையில் பெரிய விளம்பரம் போட்டார்கள். ஈஸ்ட்லாண்ட் பாதுகாப்பான கப்பல் அல்ல என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவர் யாராவது முன்வந்தால் 5,000 டொலர் பரிசு. யாரும் போய் வாங்கவில்லை. 1913இல் கப்பல் வடிவமைப்பாளர் ஒருவர், இந்தக் குறையைத் திருத்தாவிட்டால் பெரிய விபத்து வரலாம் என்று துறைமுக அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கோப்பில் இருந்தது.

1912இல் டைட்டானிக் மூழ்கியது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு எல்லாக் கப்பல்களிலும் போதிய உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என்று கோரிக்கை எழுந்து, 1915 மார்ச்சில் அமெரிக்காவில் சட்டமும் வந்தது. ஈஸ்ட்லாண்டின் உரிமையாளர்கள் 1915 ஜூலை தொடக்கத்தில் மேல்தட்டில் மூன்று படகுகளையும் ஆறு மிதவைகளையும் சேர்த்தார்கள். பல தொன் பாரம், அதுவும் ஸ்டாண்டின் உச்சியில். படகு கூடியதால் ஏற்றக்கூடிய ஆட்களின் அனுமதியும் 2,500க்கு மேலே போனது. சேர்த்த பிறகு கப்பல் எப்படி நிற்கிறது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. உயிர்காக்க என்று வைத்த பொருள்தான் அதைக் கவிழ்க்க உதவியது. டைட்டானிக் எல்லோருக்கும் தெரிகிறது, இது தெரிவதில்லை. இறந்தவர்களில் கோடீஸ்வரர்கள் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1915 ஜூலை 24, சனிக்கிழமை. தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையின் வருடாந்தச் சுற்றுலா. இந்தியானா மாநிலத்து மிச்சிகன் சிட்டிக்குப் போக வேண்டும். தொழிலாளர்களில் பலர் பொஹீமியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து சிசரோ என்ற புறநகரில் குடியிருந்தவர்கள். வந்த நாட்டில் காலூன்றி, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வாங்கிப் போட்டு, வருடத்தில் ஒரு நாள் வெளியே கிளம்பியவர்கள். எங்களைப் போல என்று சொல்லலாம்.

சிக்காகோ ஆற்றில், கிளார்க் தெருப் பாலத்துக்கும் லசால் தெருவுக்கும் இடையில் கப்பல் கட்டியிருந்தது. காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினார்கள். வாசலில் எண்ணும் கருவியோடு ஆட்கள் நின்று ஒவ்வொருவராக எண்ணினார்கள். 2,500. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பத்து நிமிடத்தில் கப்பல் கரைப்பக்கம் சாய்ந்தது. தொட்டியில் தண்ணீர் விட்டார்கள், நிமிர்ந்தது. பிறகு ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மேலே வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. தூறல் என்பதால் நிறையத் தாய்மாரும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். 7:28க்கு, கரைக்கயிறு இன்னும் அவிழ்த்து முடியாத நிலையில், கப்பல் இடது பக்கமாக அப்படியே படுத்துவிட்டது. கரையிலிருந்து சில அடி தூரம். தண்ணீரின் ஆழம் இருபது அடி. அகலத்தில் பாதி வெளியே தெரிந்தது. 844 பேர் இறந்தார்கள். 22 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஹெலன் ரெப்பா அந்தத் தொழிற்சாலையின் தாதி. சுற்றுலாவுக்குத் துணையாகப் போகச் சீருடையோடு டிராம் வண்டியில் வந்துகொண்டிருந்தவருக்கு வழியில் செய்தி கிடைத்தது. அந்த வழியாக வந்த அம்புலன்ஸில் தொற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். படுத்துக் கிடந்த கப்பலின் பக்கத்தின் மேலேயே ஏறி வேலை செய்தார். வெட்டித் திறந்த துளைகளின் வழியாக ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். உயிர் இருப்பவர்களை அருகிலிருந்த இரோகுவா நினைவு வைத்தியசாலைக்கு அனுப்பினார். அந்த வைத்தியசாலையே 1903இல் 600க்கு மேற்பட்டோரைக் கொன்ற இரோகுவா நாடக அரங்குத் தீயின் நினைவாகக் கட்டியது. அங்கே இடமும் இல்லை, போர்வையும் இல்லை. ரெப்பா மார்ஷல் ஃபீல்ட் கடைக்குத் தொலைபேசி எடுத்து 500 போர்வைகளை அனுப்பச் சொன்னார், பணத்தைக் கம்பனிக் கணக்கில் எழுதச் சொன்னார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உணவகங்களைக் கூப்பிட்டுச் சூடான சூப்பும் கோப்பியும் வரவழைத்தார். தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பத் தெருவில் போன கார்களை மறித்து ஏற்றிவிட்டார். அந்த நாளைப் பற்றிக் கம்பனிப் பத்திரிகையில் அவரே எழுதியிருக்கிறார். அலங்காரம் இல்லாத எழுத்து. என் சக ஊழியர் ஒருவர் வேலைநேரம் மாறும்போது எனக்குச் சொல்வது போல இருந்தது.

பிரேதங்களை ஆயுதக் கிடங்கு மண்டபத்தில் வரிசையாக வைத்து எண் போட்டார்கள். 396ஆம் எண் ஒரு சிறுவன். நாட்கணக்காக அவனைத் தேடி யாரும் வரவில்லை. தாய், தகப்பன், சகோதரி எல்லோரும் அதே கப்பலில் போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் அவனுடைய பாட்டி புதுக் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அவனுக்கு வாங்கியது இரண்டு. ஒன்று வீட்டில் இருந்தது, மற்றதை அவன் போட்டிருந்தான்.

இலக்கியச் சந்திப்பு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அன்று ஆற்றங்கரையில் படமெடுத்தவர்களில் ஜுன் ஃபுஜிதா என்ற ஜப்பானியர் இருந்தார். அவர் கவிஞரும்கூட, ஆங்கிலத்தில் தங்கா கவிதைகள் எழுதியவர். சிக்காகோவின் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் ஈஸ்ட்லாண்டைப் பற்றிக் கடும் கோபத்தோடு ஒரு கவிதை எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சில் வரவில்லை.

வழக்கு இருபது வருடம் இழுபட்டது. 1935இல் வந்த தீர்ப்பில், தொட்டிகளைச் சரியாக நிரப்பாத எந்திரப் பொறுப்பாளர்தான் குற்றவாளி. அவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். கம்பனி கப்பலின் பெறுமதிக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்றார்கள். அந்தப் பெறுமதியும் கப்பலைத் தூக்கியெடுத்த செலவில் கரைந்தது. கப்பலை என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மேல்தட்டுகளைக் கழற்றிவிட்டு, வில்மெட் என்று பெயர் மாற்றிக் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக ஓட்டினார்கள். பாரம் கீழே வந்ததும் ஒழுங்காக நின்றது. 1947இல்தான் உடைத்தார்கள்.

இந்தக் கதையைப் பெரியவர் சொல்லி முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 844 என்ற எண்ணால் அல்ல, "நிமிர்ந்துவிட்டது" என்ற சொல்லால். பல வருடங்களுக்கு முன்பு, நான் வேறொரு வைத்தியசாலையில் இரவு வேலை செய்தபோது, சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒரு அம்மா என் பொறுப்பில் இருந்தார். பத்து மணிக்கு நாடித்துடிப்பு 88. நள்ளிரவில் 96. இரண்டு மணிக்கு 104. இரத்த அழுத்தம் இறங்கவில்லை. அழைத்துச் சொன்னேன், "வலியாக இருக்கும், மருந்து கொடுங்கள்" என்று பதில் வந்தது. கொடுத்தேன், கொஞ்சம் குறைந்தது. நிமிர்ந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். நான்கு மணிக்கு 118. அப்போதும் தயங்கினேன். ஒரே இரவில் இரண்டாம் தடவை கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விடியும்போது அவர் இல்லை. விசாரணையில் என் குறிப்பில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தும் எண் அல்ல. அவற்றை ஒரு கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 70களின் ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரே கப்பல், ஐந்து வாரத்தில் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் சில அங்குலம் கூடுதலாக அமிழ்ந்திருக்கிறது. ஆறாவது வரிக்குப் பக்கத்தில், கால்வாய் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்ததாக எழுதியிருந்தார். "என்ன நடந்தது?" என்றேன். "நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை அது நேராக வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

ஒருநாள் பயணக் கப்பல்களின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. காரும் நெடுஞ்சாலையும் பாதி, தீயும் பயமும் மீதி. எங்கள் ரொறன்ரோத் துறைமுகத்திலேயே 1949 செப்டம்பர் 17 அதிகாலை நொரோனிக் என்ற உல்லாசக் கப்பல் கட்டியிருந்த இடத்தில் எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பல் எக்ஸ்ரேப் படங்களை வைத்துப் பலரை அடையாளம் கண்டார்கள். மிஞ்சியவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. மஸ்கோக்கா ஏரியில் செக்வுன் இன்னும் நிலக்கரியில் ஓடுகிறது. ரொறன்ரோத் தீவுகளுக்குப் போகும் டிரில்லியம், 1910இல் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல். சுவிஸிலிருந்து வாசிப்பவர்கள் லுசேர்ன் ஏரியில் ஓடும் ஐந்து பழைய நீராவிக் கப்பல்களைக் கண்டிருப்பீர்கள், எந்திரம் சுழல்வதை மேலே நின்று பார்க்கலாம். ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சென்ற வருடம் சித்தப்பாவின் மகனுடைய கலியாணத்துக்குச் சிக்காகோ போனபோது கிளார்க் தெருப் பாலத்தடிக்கு நடந்து போனேன். ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கட்டடங்களைக் காட்டும் சுற்றுலாப் படகுகள் அந்த இடத்தின் மேலேயே போய்வருகின்றன. ஆற்றங்கரையில் ஆட்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். படம் எடுத்துப் பெரியவருக்குக் காட்டினேன். அப்போது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இந்த வருடம் கால்வாய் திறப்பதற்கு முன்பே போய்விட்டார். பெட்டிகளை மகள் எடுத்துக்கொண்டார், கடைசிப் புத்தகத்தை மட்டும் எனக்குத் தந்தார். பாதிக்கு மேல் வெறும் பக்கம்.

உரை முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "இவ்வளவும் சொல்லிவிட்டு, வாற மாதம் எங்கள் சங்கத்தின் கோடைக்காலப் படகுப் பயணத்துக்கு நீங்கள் வருவீர்களா?" வருவேன் அக்கா. ஐந்து ரிக்கெட் எடுத்துவிட்டேன், மாமியும் வருகிறார். ஏறுவதற்கு முன்பு கரையில் கொஞ்ச நேரம் நின்று இரண்டு பக்கத்து எண்களையும் பார்த்து எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான். யாராவது கேலி செய்தால் செய்யட்டும்.